துக்க வீட்டு ஸ்டார்

டிசம்பர் 1, ஞாயிறு

செய்யப்பட்ட அநியாயத்தை முதலில் எழுதிவிடுகிறேன். என் தம்பி பொன்சிங் இறந்து இன்னும் பத்து மாதம் முடியவில்லை. இந்த வருஷம் இது துக்க வீடு. துக்க வீட்டில் கிறிஸ்மஸ் ஸ்டார் கட்டுவதில்லை, பலகாரம் சுடுவதில்லை, வாசலில் விளக்குப் போடுவதில்லை. பாளையங்கோட்டையில் எங்கள் சபையில் இது தெரியாத குழந்தை கிடையாது. இருந்தும் இன்று நான் முதல் ஆராதனைக்குப் போய்த் திரும்புவதற்குள், அவன் மனைவி லீதியாள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பின்கட்டில் நான் தொட்டியில் வளர்க்கும் அரக்கேரியா என்னும் கிறிஸ்மஸ் மரத்தையும் பெரணித் தொட்டிகள் நான்கையும் ஹாலுக்கு இழுத்து வந்து வைத்திருக்கிறாள். மரத்தின் மேல் பஞ்சைப் பிய்த்துப் போட்டிருக்கிறாள்.

"இது என்னது லீதியா?"

"தீம் மயினி. வெள்ளையும் பச்சையும். வீட்டுச் செடிகள வச்சே செய்யலாம்னு போன்ல காட்டுதான்."

"யாரு காட்டுதான்?"

"எவனோ ஒருத்தன்."

"பாளையங்கோட்டையில எப்பட்டீ பனி பெஞ்சுது?"

"நெசப் பனிய நானும் கண்டதில்ல, நீங்களும் கண்டதில்ல. பஞ்ச ரெண்டு பேரும் கண்டிருக்கோம்லா."

பதில் பேசக் கற்றுக்கொண்டிருக்கிறாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இந்த வீட்டுக்கு வந்தபோது தலையைத்தான் ஆட்டுவாள்.

அந்த மரம் சாண் உயரத்தில் வந்தது. ஏழு வருஷமாக ஒரு கிளை ஒடியாமல் வளர்த்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவள் நான். தையலும் தானாகக் கற்றேன், செடியும் தானாகக் கற்றேன். பஞ்சை ஈரம் பட வைத்தால் ஊசி இலை அழுகும் என்று எந்தப் போனும் அவளுக்குச் சொல்லாது.

டிசம்பர் 2, திங்கள்

லீதியாள் எட்டரைக்குப் பள்ளிக்கூட அலுவலகத்துக்குப் போனாள். எட்டு முப்பத்தைந்துக்கு வேலையைத் தொடங்கினேன். தொட்டிக்கு அடியில் சாக்கை விரித்து இழுத்தால் எழுபத்தொரு வயதிலும் மரம் நகரும். பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு பையில் போட்டு அவள் கட்டில் மேல் வைத்தேன். திருடினேன் என்று பேச்சு வரக்கூடாது.

சாயங்காலம் வந்தாள். ஹாலைப் பார்த்தாள். தோசை ஊற்றினாள், எனக்கும் இரண்டு வைத்தாள்.

டிசம்பர் 3, செவ்வாய்

விடியும்போது எல்லாம் மறுபடி ஹாலில். எட்டு முப்பத்தைந்துக்கு மறுபடி பின்கட்டில்.

டிசம்பர் 4, புதன்

அதே. முதுகில் தைலம் போட்டேன்.

டிசம்பர் 5, வியாழன்

சபைச் செயலர் கனகராஜுக்குக் கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு, நானே நடந்துபோய்க் கொடுத்தேன். "எங்கள் வீடு இந்த ஆண்டு துக்க வீடு. கேரல் குழுவினர் எங்கள் வீட்டுக்கு வர வேண்டாம்." வழக்கமாகத் துக்க வீட்டுக்கும் வருவார்கள். மேளம் இல்லாமல் ஒரு பாட்டு மெதுவாகப் பாடி, ஜெபித்து, காப்பி குடிக்காமல் போவார்கள். அதுவும் வேண்டாம் என்று எழுதினேன். எழுதியதில் தப்பில்லை.

திரும்பி வந்தபோது மணி ஆறே கால். நடு அறையில் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. லீதியாள் அதன் கீழே உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

நடு அறையில் என் பாயின்செட்டியாத் தொட்டிகள் ஐந்து இருக்கின்றன. அந்தச் செடியின் மேல் இலைகள் கிறிஸ்மஸுக்குச் சிவக்க வேண்டுமென்றால் சாயங்காலம் ஐந்திலிருந்து காலை ஏழு வரை நல்ல இருட்டு வேண்டும். இரண்டு மாதத்துக்கு மேல், ஒரு நாள் விடாமல். நடுவில் பத்து நிமிஷம் விளக்கு எரிந்தாலும் செடி குழம்பிவிடும். முன்பெல்லாம் பொன்சிங் பலகை அடித்துச் செய்து தந்த பெட்டியால் மூடுவேன். அதைக் கரையான் தின்றுவிட்டது. அதனால் இந்த வருஷம் புரட்டாசி பாதியிலிருந்து நடு அறையில் விளக்கே போடுவதில்லை. ஜன்னல் இல்லாத அறை, வசதி; பகலில் பின்கட்டுக் கதவைத் திறந்தால் செடிக்கு வெளிச்சம் வரும்.

விளக்கை அணைத்தேன்.

"மொச்சை உரிக்கேன் மயினி."

"அடுக்களையில போயி உரி."

"அடுக்களையில கொசு."

"அப்போ கொசுவத்தி கொளுத்து."

எழுந்து போனாள். இருட்டில் மொச்சைத் தோடு காலில் ஒட்டியது. அவள் பெருக்கவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

நாளையோடு பத்து மாதம். கல்லறைக்கு ஆளுக்கொரு நேரம் போனோம்.

மத்தியானம் சாப்பிடும்போது லீதியாள் கேட்டாள்.

"துக்க வீடுன்னு சொல்லுதீகல்லா மயினி. பெறகு அந்த அஞ்சு தொட்டியவும் எதுக்குச் செவக்க வைக்கீக?"

"பழக்கம்."

"யாருக்குன்னு கேக்கேன்."

"செடிக்குத் துக்கம் உண்டா? அது பாட்டுக்குச் செவக்கும்."

"அது பாட்டுக்கு எங்க செவக்குது? நீங்க ரெண்டு மாசமா லைட்ட அணைச்சுல்லா செவக்க வைக்கீக."

ரசம் போதும் என்று சொல்லி எழுந்துவிட்டேன். தொட்டிகளில் இரண்டு நல்ல சிவப்பு. ஒன்று பாதி. இரண்டு பச்சை. ஐந்தாம் தேதி விளக்கின் பலன்.

டிசம்பர் 11, புதன்

மூன்று நாளாக மழை. துணி காயவில்லை. தினமும் இடம் மாற்றியதில் பெரணி இரண்டு பழுத்துவிட்டது. அரக்கேரியாவின் கீழ்த்தட்டுக் கிளை ஒன்று தொங்குகிறது. செடி நாற்காலி அல்ல. அதற்கு வெளிச்சம் வரும் திசை பழக வேண்டும், பழகியபின் நகர்த்தினால் இலையைக் கொட்டும். இதற்கு யார் காரணம் என்பதை எழுதத் தேவையில்லை.

இன்று மருள் செடியைக் கொண்டுவந்திருக்கிறாள். வாள் மாதிரி நிற்கும் அந்த இலைகளின் நுனியில் வெள்ளி உருண்டைகளைத் தொங்கவிட்டிருக்கிறாள். சணல் கயிற்றால் தொட்டியைச் சுற்றி முடிச்சும் போட்டிருக்கிறாள்.

"ஆம்பளைக்கு ஜிமிக்கி மாட்டுன மாதிரி இருக்கு" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சாயங்காலம் ஐந்தானதும் நடு அறை விளக்கை அணைத்தேன். ஆறு மணிக்கு மேல் அவள் வந்து ஹாலில் போன் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தாள். ஹால் விளக்கைப் போட்டால் கதவிடுக்கு வழியாக நடு அறைக்கு வெளிச்சம் போகும் என்று போன மாதமே சொல்லியிருக்கிறேன்.

டிசம்பர் 14, சனி

கனகராஜ் காலையில் வந்தார். நான் பின்கட்டில் இருந்தேன். லீதியாளிடம் நேராகக் கேட்டிருக்கிறார், "கேரல் வேண்டாம்னு அக்கா எழுதிக் குடுத்திருக்காக, நீங்களும் அப்படித்தானாம்மா?" என்று.

அவர் போனபின் பின்கட்டுக்கு வந்தாள். கையில் அந்தக் கடிதம்.

"வீட்டுக்கு ரெண்டு பேரு இருக்கோம். கடுதாசில ஒரு கையெழுத்துதான் இருக்கு."

"மூத்தவ கையெழுத்து போதும்."

"செத்தது எம் புருசன்."

"நான் வளத்த பிள்ளை."

கடிதத்தை நான்காக மடித்தாள். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"மயினி, நான் ஆறு மணிக்குத் தெருமுக்குல பஸ்ஸ விட்டு எறங்குதேன். இருபத்தி நாலு வீடு இருக்கு இந்தத் தெருவுல. எல்லாத்துலயும் லைட்டு எரியுது. நம்ம வீடு ஒண்ணுதான் பூட்டிக் கெடக்கிற வீடு மாதிரி இருக்கு. உள்ள வந்தா நீங்க எங்க இருக்கீகன்னு தடவிப் பாக்க வேண்டியிருக்கு. எனக்கு ஐம்பத்தொண்ணு ஆவுது. இன்னும் எத்தன வருசம் இப்படித் தடவ?"

"துக்கம்னா அப்படித்தான்."

"அப்போ நீங்க வச்சுக்கிடுங்க. இருபத்தொண்ணாம் தேதி தூத்துக்குடிக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். ஸ்டாரு கட்டினா இருக்கேன். இல்லன்னா போனது போனதுதான். அங்க ஒரு ஸ்கூல்ல ஆபீஸ் வேலை பேசியாச்சு."

போகட்டும் என்று சொன்னேன். இது நானும் பொன்சிங்கும் இருந்த வீடு. தனியாக இருக்கத் தெரியாதவள் அல்ல நான்.

டிசம்பர் 15, ஞாயிறு

கோயிலில் பாட்டு எண் சொன்னபோது என் பக்கம் இருந்த பெரிய எழுத்துப் பாட்டுப் புத்தகத்தை அவள் எடுக்கவில்லை. அவள் கண்ணாடியை மறந்து வந்திருந்தாள். பாடாமல் நின்றாள்.

டிசம்பர் 17, செவ்வாய்

மூன்றாவது தொட்டியும் சிவந்துவிட்டது. அவளிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 18, புதன்

இன்று காலை அவள் எந்தத் தொட்டியையும் ஹாலுக்குக் கொண்டுவரவில்லை. எட்டு முப்பத்தைந்துக்கு எனக்கு வேலை இல்லை. சாக்கை மடித்து வைத்தேன்.

டிசம்பர் 19, வியாழன்

பெட்டி கட்டுகிறாள். பொன்சிங்கின் சட்டைகளில் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டாள். மீதியை மடித்து என் அலமாரியில் வைத்தாள். வைத்துவிட்டு அங்கேயே நின்று கேட்டாள்.

"மயினி, ஒண்ணு கேக்கேன். கடைசி நாள் ஆஸ்பத்திரியிலருந்து நான் துணி மாத்த வீட்டுக்கு வந்த அந்த ரெண்டு மணி நேரத்துல, அவுக எதுவும் சொல்லலயா?"

"அன்னைக்கே சொன்னேன்லா. தண்ணி கேட்டான்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

"சரி. பன்னெண்டு வருசம் கூட இருந்த மனுசன், ஒரு வார்த்த இல்லாம போயிட்டாகன்னு கணக்காக்கிக்கிடுதேன்."

பிப்ரவரியிலிருந்து இதை நான்கு தடவை கேட்டிருக்கிறாள். நான்கு தடவையும் அதே பதிலைச் சொன்னேன். தண்ணீர் கேட்டது பொய் இல்லை. தம்ளரில் பாதி குடித்தான்.

டிசம்பர் 20, வெள்ளி

சொல்லிவிட்டேன். சொன்ன விதம் சரியில்லை.

மத்தியானம் அவள் விடுப்பு, பின்கட்டுக் கொடியில் துணி எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். அரக்கேரியாவுக்கு நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். தொங்கின கிளைக்கு மூங்கில் குச்சியை முட்டுக் கொடுத்து, அவள் ஒரு சேலைக் கிழிசலால் கட்டியிருந்தாள். எப்போது கட்டினாள் என்று தெரியவில்லை. முடிச்சு இறுகாமல், கிளை அறுபடாமல், சரியாகக் கட்டியிருந்தாள். எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது.

"ஸ்டாரு கட்டத்தான் சொன்னான்" என்றேன்.

"யாரு?"

"உம் புருசன். ஆஸ்பத்திரியில. கிறிஸ்மஸ் வந்தா எப்பவும் போல ஸ்டாரு கட்டுன்னு எங்கிட்டச் சொன்னான். ஊரு என்னமும் சொல்லும், நீ கட்டிருன்னு சொன்னான்."

அவள் கையில் மடித்த துண்டு இருந்தது. அதை மறுபடி விரித்து, மறுபடி மடித்தாள்.

"இத நீங்க பிப்ரவரியில சொல்லியிருக்கணும்."

"துக்க வீட்டுல..."

"ஸ்டார விடுங்க மயினி. ஸ்டாரு பெருசில்ல. அவுக பேசினாகன்னு சொல்லியிருக்கணும். தண்ணி கேட்டாகன்னு சொன்னீக. ராத்திரி படுத்தா நான் அதத்தான் நினைப்பேன். நான் இருந்திருந்தா தண்ணிக்குப் பதிலா எம்பேரச் சொல்லியிருப்பாகளோன்னு. பத்து மாசம்."

"தண்ணியும் கேட்டான்."

"வாய மூடுங்க."

என்னிடம் இந்த வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. நான் வாயை மூடினேன்.

டிசம்பர் 21, சனி

பத்தேகால் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். சாவியை மேஜை மேல் வைத்துவிட்டாள். "வர்றேன்" என்று சொல்வது வழக்கம். "போறேன்" என்று சொன்னாள்.

டிசம்பர் 22, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுத வேண்டும். வழக்கம்போல ஐந்து மணிக்கு விளக்கை அணைத்தேன். ஆறரைக்கு மாத்திரை எடுக்க நடு அறை வழியாகப் போனேன். தொட்டி எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டும் சொல்வேன், ஆனாலும் கால் இடறியது. விழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டில் சத்தமே இல்லை. அடுக்களையில் பாத்திரம் வைக்கிற சத்தம் வரும் என்று நின்றேன் போலிருக்கிறது. யாரும் கூப்பிடவில்லை. "மயினி, எங்க இருக்கீக?" என்று ஒவ்வொரு நாளும் இந்த இடத்தில் நின்றுதான் கேட்பாள். நான் பதில் சொல்வதில்லை. கொஞ்சம் பயந்த குரலில் இரண்டாம் தரம் கேட்பாள்.

லீதியாளிடம் பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன், வேறு எங்கும் எழுதவில்லை.

பிப்ரவரி 9. காலை பத்து மணி. தண்ணீர் குடித்தபின் பொன்சிங் என் கையைப் பிடித்துச் சொன்னது இது: "அக்கா, லீதியாள இருட்டுல உக்கார வச்சிராத. அவளுக்கு இருட்டு ஆவாது. சொல்ல வெக்கப்படுவா. கிறிஸ்மஸ் வந்தா எப்பவும் போல ஸ்டாரு கட்டு. ஊரு என்னமும் சொல்லும். நீ கட்டிரு. நான் சொன்னேன்னு அவகிட்டச் சொல்லு."

நான், "நீயே வந்து கட்டுவலே" என்றேன்.

பிறகு அவன் எனக்கு ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். அம்மா போனபோது அவனுக்கு எட்டு மாதம், எனக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்தை விட்டு அவனை இடுப்பில் தூக்கினேன். கல்யாணம் பேசி வந்த மூன்று பேரை அவனுக்காக வேண்டாம் என்றேன். பதினொன்றரை வரை காத்திருந்தேன். மூச்சு மட்டும் வந்தது. லீதியாள் வந்து நுழைந்தபோது முடிந்திருந்தது. "என்ன சொன்னாக?" என்று கேட்டாள். அவளுக்குக் கொடுக்க அவனிடம் அவ்வளவு இருந்தது. எனக்கு ஒன்றும் இல்லை. ஆகவே தண்ணீர் கேட்டான் என்றேன்.

ஸ்டார் கட்ட வேண்டும் என்று எனக்கு எப்போதும் தெரியும். அதற்காகத்தான் ஐந்து தொட்டியையும் சிவக்க வைத்தேன். கடைசி நாளில் எடுத்து வைத்து, நானே நினைத்துச் செய்தது மாதிரி செய்துவிடலாம் என்று இருந்தேன். சிவக்க வைக்க இருட்டு வேண்டியிருந்தது. அந்த இருட்டில் யார் உட்கார்ந்திருந்தாள் என்று பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பது சரியில்லை. பார்த்தேன்.

இன்று ஆராதனை முடிந்ததும் கனகராஜிடம், எழுதிக் கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்றேன். கடிதம் லீதியாளிடம்தானே இருக்கிறது என்றார். "அப்போ வாயால சொல்லுதேன். கேரல் வரட்டும், மேளத்தோட" என்றேன். பக்கத்தில் நின்ற, சபை குருவின் மனைவி ஐயர் அம்மா, "துக்க வருசமாச்சே குணசீலி அக்கா, வழக்கம் உண்டுல்லா" என்றாள். "வழக்கம் எனக்கும் தெரியும். செத்தவன் சொல்லிட்டுப் போயிருக்கான்" என்றேன். 

வீட்டுக்கு வந்ததும் எல்லா விளக்கையும் போட்டேன். நடு அறையிலும். பச்சையாக நிற்கிற இரண்டு தொட்டியும் இனிச் சிவக்காது.

டிசம்பர் 23, திங்கள்

கடையில் ஐந்து முனை வெள்ளை ஸ்டார் வாங்கினேன். எலக்ட்ரீஷியன் சுடலைமுத்து நாளைக் காலையில் வருவதாகச் சொன்னான். அதுவரை பொறுக்கவில்லை. ஸ்டூலில் ஏறி மாடிக் கம்பியில் நானே ஒரு கயிற்றில் தொங்கவிட்டேன். ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. விளக்கு இன்னும் இல்லை.

பத்து மணிக்குத் தூத்துக்குடிக்குப் போன் போட்டேன். அவள் அண்ணன் தவமணி எடுத்தார். "அவ பேசமாட்டேங்கா அக்கா" என்றார். "காதுல மட்டும் வைக்கச் சொல்லுங்க" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மூச்சுச் சத்தம்.

"ஸ்டாரு கட்டிட்டேன்" என்றேன்.

பதில் இல்லை.

"செத்தவன் சொன்னதுக்காக மட்டும் கட்டல. நீ சொன்னதுக்கும்தான்."

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"எந்தப் பக்கம் கட்டியிருக்கீக?" என்று கேட்டாள்.

"மாடிக் கம்பியில."

"அது வேப்பமரத்துக்குப் பின்னால போயிரும். தெருமுக்குல எறங்கினா தெரியாது. கேட்டுக்கு மேல கட்டணும்."

"சரி."

"நீங்களா ஏறினீக?"

"ஸ்டூல்தான்."

"இனி ஏறாதீக."

வருகிறேன் என்று சொல்லவில்லை. போன் தவமணி கைக்குப் போனது. நாளைக்கு நாலு மணி பஸ்ஸில் இடம் இருக்கிறதா என்று அவர் பக்கத்தில் யாரிடமோ கேட்பது கேட்டது.

டிசம்பர் 24, செவ்வாய். காலை

இன்று செய்ய வேண்டியவை:

சுடலைமுத்து: ஸ்டாரை மாடிக் கம்பியிலிருந்து இறக்கி, கேட்டுக்கு மேல், வேப்பமரம் மறைக்காதபடி கட்ட வேண்டும். உள்ளே பெரிய பல்பு. பன்னிரண்டு மணிக்குள்.

தவமணி: அவளை நாலு மணி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் ஏற்றிவிட வேண்டும். அவர் கூட வர வேண்டியதில்லை. நாளை கிறிஸ்மஸ் சாப்பாட்டுக்கு வந்தால் வரட்டும்.

கனகராஜ்: கேரல் எங்கள் வீட்டுக்கு ஏழு மணிக்கே வர வேண்டும், கடைசி வீடாக அல்ல. மேளம் உண்டு. காப்பி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். பலகாரம் பக்கத்து வீட்டு செல்லக்கனி கொடுத்தது போதும், நாங்கள் சுடவில்லை.

ஐயர் அம்மா: யாரும் கேட்டால், இந்த வீட்டில் இறந்தவன் சொன்னபடி நடக்கிறது என்று சொல்ல வேண்டும். வேறு எதுவும் சொல்ல வேண்டாம்.

லீதியாள்: தொட்டிகளை எங்கே வைப்பது என்று சொல்ல வேண்டும். வெள்ளையா, பச்சையா, சிவப்புத் தொட்டி மூன்றும் அவள் தீமில் சேருமா என்பதெல்லாம் அவள் பாடு. சொல்லும் இடத்தில் வைத்தபின் ஜனவரி வரை யாரும் நகர்த்தக் கூடாது. பஞ்சு வைக்கலாம், ஈரம் படாமல்.

நான்: ஐந்தரைக்குத் தெருமுக்கு பஸ் நிறுத்தத்தில் நிற்க வேண்டும். பையை வாங்கிக்கொள்ள வேண்டும். இருட்டைப் பற்றி அவன் சொன்னதை, அவன் சொன்ன சொல்லிலேயே, ஒன்றும் விடாமல் அவளிடம் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்து சேருமுன், தெருவில் நடக்கும்போதே.